கண்ணாடி இல்லாத வளையங்கள்: பழைய ஃபிலிம் கேமராவுக்கு மேக்ரோ கருவிகள்

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படச்சட்டம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. 25 மி.மீ. விட்டமுள்ள பழைய ஒரு ரூபாய் நாணயத்தை, 1970-களின் கேமராக்களோடு வழக்கமாக வந்த 50 மி.மீ. லென்ஸால், அது ஃபோகஸ் ஆகும் மிகக் குறைந்த தூரமான 45 செ.மீ.யிலிருந்து எடுத்தால், ஃபிலிமில் அந்த நாணயம் மூன்றரை மி.மீ. அகலப் பொட்டாக விழும். உண்மை அளவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அதே நாணயம் பன்னிரண்டரை மி.மீ. அளவில் பதிந்தால் அது 1:2. உள்ளபடியே 25 மி.மீ. அளவில் பதிந்தால் 1:1. அப்போது நாணயம் சட்டத்தின் உயரத்துக்குள் அடங்காது. மேலும் கீழும் அரை மி.மீ. வெட்டுப்படும். கறாராகப் பேசுபவர்கள் 1:1-ஐத்தான் மேக்ரோ என்பார்கள். பூவின் மகரந்தத் தாளையும் வண்டின் முதுகையும் படமெடுக்க நினைப்பவருக்கு 1:2-இலிருந்தே அந்த உலகம் திறந்துவிடும்.

தாத்தாவின் பென்டாக்ஸையோ, பழைய நிக்கானையோ, சோவியத் ஜெனிட்டையோ மறுபடி கையில் எடுத்திருக்கும் இளைஞர்கள் இன்று உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அந்தக் கேமராக்களுக்கான மேக்ரோ கருவிகளைப் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். அவற்றைச் செய்த நிறுவனங்களில் பல அந்தத் தொழிலை விட்டே போய்விட்டன. தேடலை எளிதாக்க ஒரு பாகுபாடு போதும்: கண்ணாடி உள்ள பொருள், கண்ணாடி இல்லாத பொருள். கண்ணாடி இல்லாதவற்றில் கெடுவதற்கு அதிகம் இல்லை; அது கேமராவோடு பொருந்துமா என்பது ஒன்றே கேள்வி. கண்ணாடி உள்ளதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

வெறும் காற்றின் வேலை

லென்ஸை ஃபிலிமிலிருந்து தள்ளி வைக்க வைக்க, அது இன்னும் அருகிலுள்ள பொருளை ஃபோகஸ் செய்யும், பிம்பமும் பெரிதாகும். ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் சுழலும் ஃபோகஸ் வளையம் செய்வது இதைத்தான். ஆனால் 50 மி.மீ. லென்ஸில் அது ஏழெட்டு மி.மீ.க்கு மேல் நகராது. கணக்கு எளியது: லென்ஸ் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அதை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸை 25 மி.மீ. தள்ளினால் 1:2, 50 மி.மீ. தள்ளினால் 1:1. அதே 25 மி.மீ. வளையத்தை 135 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் போட்டால் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வளையம் வாங்குமுன் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்காதவர்கள் பிறகு ஏமாற்றமடைகிறார்கள்.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே இந்த இடைவெளியை உண்டாக்கும் வளையத்துக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் என்று பெயர். உள்ளே கண்ணாடி கிடையாது. பெரும்பாலும் மூன்று வளையங்கள் கொண்ட தொகுப்பாக வரும், ஒலிம்பஸ் ஓ.எம். கேமராக்களுக்கான தானியங்கி டியூப்கள் 7, 14, 25 மி.மீ. நீளத்தவை. மூன்றையும் சேர்த்தால் 46 மி.மீ.; லென்ஸின் சொந்த நகர்வையும் கூட்டினால் 50 மி.மீ. லென்ஸ் 1:1-ஐத் தொட்டுவிடும். உள்ளே கெட்டுப்போகக் கண்ணாடி இல்லாததால், ஐம்பது வருடத்துக்கு முன்னால் செய்த டியூபும் நேற்றுச் செய்த டியூபும் தரும் படத்தில் வேறுபாடு இல்லை. உள்சுவரின் கறுப்புப் பூச்சு உரிந்து உலோகம் பளபளத்தால் மட்டும் ஒளி சிதறிப் படம் வெளிறும். மங்கலான கறுப்புப் பெயிண்டால் அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

டியூப்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் கேமராவின் அபர்ச்சர் கட்டளையை லென்ஸுக்குக் கடத்தும் ஊசியோ நெம்போ இருக்கும். வியூஃபைண்டரில் முழு வெளிச்சத்தில் பார்த்து, ஷட்டரை அழுத்தும் கணத்தில் லென்ஸ் தானாகவே f/11-க்குச் சுருங்கும். மற்றொன்று வெறும் குழாய். லென்ஸை முதலிலேயே சுருக்கிவிட்டு இருட்டிய வியூஃபைண்டரில் பார்க்க வேண்டும். விலை வித்தியாசம் பெரிதாக இல்லாவிட்டால் முதல் ரகத்தையே வாங்க வேண்டும். கேமராவில் திருகி மாட்டும் மரை மவுண்ட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்வது நல்லது. லென்ஸின் பக்கவாட்டில் ‘ஏ’, ‘எம்’ என்று குறித்த சிறிய விசை இருந்தால், அதை ‘எம்’-இல் வைக்கும்போது வெறும் குழாயிலும் அபர்ச்சர் சுருங்கும். அந்த விசை இல்லாத லென்ஸ்கள் வெறும் குழாயில் முழுக்கத் திறந்தபடியே நிற்கும். மேக்ரோவில் அப்படி எடுத்த படம் எறும்பின் ஒரு மீசை நுனியை மட்டும்தான் துல்லியமாகக் காட்டும்.

மவுண்ட் என்ற பூட்டு

கேமரா பாடியும் லென்ஸும் இணையும் இடமான மவுண்ட் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது, கேனானின் எஃப்.டி. 1971-இல்; ஒலிம்பஸின் ஓ.எம். 1972-இல், பென்டாக்ஸின் கே மவுண்ட் 1975-இல். ஒன்றுக்குச் செய்த டியூப் மற்றதில் நேரடியாக ஏறாது. இந்தக் குழப்பத்திலிருந்து பெருமளவு தப்பியது எம்42 என்ற மரை மவுண்ட்தான். 42 மி.மீ. விட்டம், ஒரு மி.மீ. மரை இடைவெளி. 1949-இல் கிழக்கு ஜெர்மனியின் கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு வந்தது, பிராக்டிகா, பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், ஜெனிட் என்று பல நாடுகளில் பல நிறுவனங்களுக்குப் பொதுவாகிப் போனது. அதனால் எம்42-க்கான டியூப்களும், துருத்தி போல விரியும் பெல்லோஸ்களும் இன்றும் மலிந்து கிடக்கின்றன. மேக்ரோவை மலிவாகத் தொடங்க இதைவிட நல்ல மவுண்ட் இல்லை.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய தொலைநோக்கு லென்ஸ்களிலும் சில அடாப்டர்களிலும் உள்ள டி-மவுண்ட் மரைக்கும் விட்டம் 42 மி.மீ.தான், ஆனால் மரை இடைவெளி 0.75 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஒன்றை மற்றதில் திருகினால் ஒரு சுற்றுப் போனதும் இறுகி நிற்கும். அதற்குமேல் பலம் காட்டினால் இரண்டு மரையும் நாசமாகும். விளம்பரத்தில் ‘42 மி.மீ.’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த 42 என்று கேட்டுவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

மேக்ரோவுக்கு மட்டும் வாய்க்கும் ஒரு சலுகையும் உண்டு. எம்42 லென்ஸை நிக்கான் பாடியில் மாட்டினால் தொலைவிலுள்ள காட்சி ஃபோகஸ் ஆகாது. நிக்கானில் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ.; எம்42 லென்ஸ் எதிர்பார்ப்பதோ 45.46 மி.மீ. தொலைவுக் காட்சிக்காக நடுவில் ஒரு கண்ணாடி வில்லை வைத்த அடாப்டர்களையும் விற்கிறார்கள். அந்த வில்லை படத்தின் தரத்தைக் குறைக்கும். வண்டைப் படமெடுக்கப் போகிறவருக்குத் தொலைவில் உள்ள மலை தேவையில்லை. லென்ஸைத் தள்ளி வைப்பதுதானே அவர் நோக்கம்! ஆகவே வில்லை இல்லாத மெல்லிய அடாப்டர் வளையம் ஒன்று இருந்தால், எம்42 டியூப், எம்42 பெல்லோஸ், எம்42 லென்ஸ் எல்லாம் நிக்கானிலும் வேலை செய்யும். பென்டாக்ஸ் கே பாடியில் இன்னும் சுலபம். அந்த மவுண்டின் தூரம் எம்42-க்குச் சமம் என்பதால் எதையும் இழக்க வேண்டியதில்லை.

துருத்தியும் தலைகீழ் லென்ஸும்

வளையங்களை மாற்றி மாற்றிக் கோப்பதற்குப் பதிலாக நீளத்தை விருப்பம்போல் கூட்டிக் குறைக்க உதவுவது பெல்லோஸ். ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக விரியும் இது, ஒரு தண்டவாளத்தின் மேல் நகரும். நிக்கானின் பி.பி.-6 பெல்லோஸ் 48 மி.மீ.யிலிருந்து 208 மி.மீ. வரை நீளும். இந்த எண்களிலேயே அதன் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும். 50 மி.மீ. லென்ஸோடு மாட்டினால் உருப்பெருக்கம் ஏறத்தாழ 1:1-இல் தொடங்கி நான்கு மடங்கு வரை போகும். ஆனால் 1:1-க்குக் கீழே வரவே முடியாது. வண்ணத்துப்பூச்சி முழுவதும் சட்டத்துக்குள் வர வேண்டும் என்பவருக்கு இது பயன்படாது. அதன் இறகின் செதில்களைப் பார்க்க நினைப்பவருக்கு வேறு வழியில்லை. பெல்லோஸோடு காட்டுக்குப் போகவும் முடியாது. மேசை, டிரைபாட், அசையாத பொருள், பொறுமை ஆகிய நான்கும் வேண்டும்.

பெல்லோஸ் வாங்கும்போது பார்க்க வேண்டிய இடம் மடிப்புகளின் மூலைகள். பல்லாண்டு மடங்கி மடங்கி அங்கேதான் ஊசித் துளைகள் விழும். இருட்டறையில் துருத்தியை முழுக்க விரித்து, உள்ளே சின்ன டார்ச்சை எரியவிட்டு வெளியிலிருந்து பார்த்தால் துளைகள் நட்சத்திரங்களாக மின்னும். ஒன்றிரண்டு இருந்தால் வளையும் தன்மையுள்ள கறுப்புப் பூச்சால் அடைக்கலாம். மூலை மூலையாக மின்னினால் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல். பிறகு தண்டவாளத்தின் திருகுகளைப் பார்க்க வேண்டும். பூட்டிய பிறகும் கேமராவின் எடையில் மெல்லச் சரிந்தால் அந்த பெல்லோஸால் பயனில்லை. பல பெல்லோஸ்களில் லென்ஸைச் சுருக்க ஒன்று, ஷட்டரை இயக்க ஒன்று என இரட்டை கேபிள் ரிலீஸ் தேவைப்படும். விற்பவரிடம் அது பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும்.

பெல்லோஸுக்கென்றே செய்யப்பட்ட லென்ஸ்களும் சந்தையில் வரும். பென்டாக்ஸின் 100 மி.மீ. பெல்லோஸ்-டாக்குமார், மினோல்டாவின் 100 மி.மீ. பெல்லோஸ் ரொக்கோர் போன்றவற்றில் ஃபோகஸ் வளையமே கிடையாது. ஃபோகஸ் வேலையைத் துருத்தி பார்த்துக்கொள்ளும். இது தெரியாமல் மலிவு என்று வாங்கி நேரடியாகக் கேமராவில் மாட்டுபவருக்கு எந்தத் தூரத்திலும் எதுவும் தெளிவாகத் தெரியாது. பெல்லோஸ் உள்ளவருக்கோ இவை நல்ல வேட்டை. அதைவிட நல்ல வேட்டை டார்க் ரூமில் இருக்கிறது. ஃபிலிமிலிருந்து பிரின்ட் போடப் பயன்பட்ட என்லார்ஜரின் லென்ஸ், அருகிலுள்ள தட்டையான பரப்பைத் துல்லியமாகக் காட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. நிக்கானின் இ.எல்.-நிக்கோர், ஷ்னைடரின் காம்பொனான், ரோடன்ஸ்டாக்கின் ரோடகான் ஆகியவை 39 மி.மீ. மரையோடு வருவது வழக்கம். 39-ஐ 42-ஆக மாற்றும் சல்லிசான வளையம் ஒன்றிருந்தால் எம்42 பெல்லோஸில் உட்கார்ந்துவிடும். தமிழ்நாட்டில் டிஜிட்டலுக்கு மாறிய பழைய ஸ்டுடியோக்களின் பரணில் என்லார்ஜர் தூசி படிந்து கிடந்தால் அதன் தலையில் என்ன லென்ஸ் இருக்கிறது என்று விசாரித்துப் பார்க்கலாம்.

செலவு மிகக் குறைந்த வழி லென்ஸைத் தலைகீழாக மாட்டுவது. ஒரு பக்கம் கேமரா மவுண்டும் மறுபக்கம் லென்ஸின் ஃபில்டர் மரையும் கொண்ட ரிவர்ஸிங் ரிங் போதும், நிக்கானில் பி.ஆர்.-2, பி.ஆர்.-2ஏ ஆகியவை 52 மி.மீ. மரைக்கானவை. தலைகீழாக்கிய 50 மி.மீ. லென்ஸ் 1:1-ஐ நெருங்கும். 28 மி.மீ. அகலக்கோண லென்ஸைத் திருப்பினால் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். குவியத் தூரம் குறையக் குறைய உருப்பெருக்கம் கூடும் என்பது முதலில் விநோதமாகப் படும். பொருளுக்கும் லென்ஸுக்கும் இடைவெளி சில சென்டிமீட்டர்தான் என்பதால் பூச்சி பறந்துவிடும், லென்ஸின் நிழலும் விழும். திருப்பி மாட்டியதும் லென்ஸின் பின்கண்ணாடி வெளியே திறந்து நிற்கும். அதில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிக்கான் லென்ஸ் கேமராவை விட்டுக் கழற்றினாலும் அபர்ச்சர் வளையத்துக்குக் கட்டுப்படும். கேனான் எஃப்.டி. லென்ஸை அப்படித் திருப்பிப் பயன்படுத்த அதற்கான தனி அடாப்டர் வேண்டும். ரிவர்ஸிங் ரிங்கோடு அதையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும்.

கண்ணாடி உள்ளவை

லென்ஸின் முன்னால் திருகும் குளோஸ்-அப் ஃபில்டர் உண்மையில் ஒரு பூதக்கண்ணாடி. +1, +2, +4 என்று டயாப்டர் எண்ணோடு வரும். ஆயிரத்தை அந்த எண்ணால் வகுத்தால், லென்ஸைத் தொலைவில் ஃபோகஸ் செய்து வைத்திருக்கும்போது பொருள் இருக்க வேண்டிய தூரம் மி.மீ.யில் வரும்: +2 என்றால் 50 செ.மீ., +4 என்றால் 25 செ.மீ. வெளிச்சம் குறையாது என்பது இதன் பெரிய வசதி. ஒற்றைக் கண்ணாடியால் ஆன மலிவுத் தொகுப்புகளில் படத்தின் ஓரம் குழையும், வெள்ளைப் பொருளின் விளிம்பில் ஊதாக் கோடு படரும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த ரகம் முற்றிலும் வேறு தரம். நிக்கானின் 3டி, 4டி ஆகியவை அப்படிப்பட்டவை. இரண்டுக்கும் மரை 52 மி.மீ. இதை 50 மி.மீ. லென்ஸில் மாட்டுவதில் பெரிய லாபம் இல்லை. மீட்டரில் எடுத்த குவியத் தூரத்தை டயாப்டரால் பெருக்கினால் உருப்பெருக்கம் என்பதால், 2.9 டயாப்டர் உள்ள 4டி-யை யாரும் சீந்தாத ஒரு 135 மி.மீ. லென்ஸில் மாட்டினால் ஐந்தில் இரண்டு பங்கு அளவு கிடைக்கும், பூச்சியிடமிருந்து முப்பது சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியும் நிற்கலாம்.

இனி மேக்ரோ லென்ஸ். 35 மி.மீ. ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராவுக்கு வந்த முதல் மேக்ரோ லென்ஸ் என்று சொல்லப்படுவது, 1955-இல் ஹைன்ஸ் கில்ஃபிட்டின் நிறுவனம் வெளியிட்ட 40 மி.மீ. மக்ரோ-கிலார். அது இன்று சேகரிப்பாளர்களின் பொருள். படமெடுக்க விரும்புபவர் அதைத் தேடி அலைய வேண்டாம். தேட வேண்டியது நிக்கானின் 55 மி.மீ. மைக்ரோ-நிக்கோர்.

அதன் பூர்வகதை சுவையானது. ஜப்பானிய நூல்களை மைக்ரோ ஃபிலிமில் பதிவுசெய்ய முனைந்தபோது, அன்றைய லென்ஸ்களில் சிக்கலான காஞ்சி எழுத்துகளின் நுண்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து கறையாகிவிட்டன. அதற்காக வடிவமைக்கப்பட்டு 1956-இல் வந்த 5 செ.மீ. மைக்ரோ-நிக்கோர் அந்த வரிசையின் மூத்தது. 1961-இல் ரிஃப்ளெக்ஸ் கேமராவுக்கான 5.5 செ.மீ. வடிவமும், 1963-இல் தானியங்கி அபர்ச்சரோடு 55 மி.மீ. f/3.5 வடிவமும் வந்தன. இந்த 1963 வரிசை லென்ஸ் தனியாக 1:2 வரை போகும், 27.5 மி.மீ. டியூபைச் சேர்த்தால் 1:1. புத்தகப் பக்கத்துக்காகப் பிறந்த இந்த லென்ஸ் வரிசை இன்றும் பல புது லென்ஸ்களை வெட்கப்பட வைக்கும் துல்லியம் கொண்டது. ஏராளமாகச் செய்யப்பட்டதால் விலையும் கட்டுக்குள் இருக்கிறது.

பின்னால் வந்த 55 மி.மீ. f/2.8 இன்னும் புகழ்பெற்றது. ஆனால் அதற்கு ஒரு குலநோய் உண்டு: ஃபோகஸ் பாகத்தின் கிரீஸ் இளகி அபர்ச்சர் இதழ்களில் எண்ணெயாகப் படிந்து, சுருங்க வேண்டிய நேரத்தில் அவை ஒட்டிக்கொண்டு நிற்கும். f/3.5-இல் இந்தத் தொல்லை அரிது. பயன்படுத்த வாங்குபவருக்குப் பழைய f/3.5-தான் நிம்மதி. 1977-க்கு முந்தைய லென்ஸை வாங்குபவர், அபர்ச்சர் வளையத்தைத் திருத்தும் ஏ.ஐ. மாற்றம் செய்யப்பட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றம் செய்யாத லென்ஸை எஃப்.எம்.2, எஃப்.இ.2 போன்ற பிந்தைய பாடிகளில் மாட்டினால், மீட்டரோடு இணையும் சிறு நெம்பு உடையலாம்.

மற்ற நிறுவனங்களிலும் குறை வைக்கவில்லை. ஒலிம்பஸின் ஜூய்கோ 50 மி.மீ. f/3.5, கேனான் எஃப்.டி. 50 மி.மீ. f/3.5, பென்டாக்ஸின் மேக்ரோ-டாக்குமார் 50 மி.மீ. f/4 எல்லாம் ஒரே குடும்பம் என்றே சொல்லலாம். இவற்றில் பலவற்றுக்கும் 1:1 தொட ஒரு துணை டியூப் வேண்டும். விற்பனைக்கு வரும்போது லென்ஸ் ஓரிடத்திலும் டியூப் வேறிடத்திலும் கிடக்கும்.

கேமரா தயாரிக்காத நிறுவனங்களின் லென்ஸ்களை ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் மேக்ரோவில் செல்லாது. டோகினா செய்து விவிடார் பெயரில் விற்ற சீரிஸ் 1 90 மி.மீ. f/2.5-ஐ ரசிகர்கள் ‘போகினா’ என்றே செல்லமாக அழைக்கிறார்கள். விவிடார் தானே லென்ஸ் செய்ததில்லை. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் உண்மையான தகப்பனைச் சொல்லிவிடும். 37 என்றால் டோகினா, 28 என்றால் கோமினே. டாம்ரானின் எஸ்.பி. 90 மி.மீ. f/2.5-இல் வேறொரு வசதி: அடாப்டால்-2 என்ற முறையில் அதன் மவுண்டையே கழற்றி மாற்றலாம். கேமரா மாறினாலும் லென்ஸ் மாற வேண்டாம். அமெரிக்காவில் பல் மருத்துவர்களுக்கென்று லெஸ்டர் டைன் பெயரில் விற்ற 105 மி.மீ. f/2.8 லென்ஸ், கிரான் நிறுவனத்தின் தயாரிப்பு. துணை எதுவும் இல்லாமலே 1:1 தொடும். மருத்துவமனையிலிருந்து வரும் பொருள் மழையும் மணலும் பார்த்திருக்காது என்பதால் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும்.

1970, 80-களின் ஜூம் லென்ஸ்களில் ‘மேக்ரோ’ என்று ஆரஞ்சு எழுத்தில் பொறித்திருப்பதை மட்டும் நம்பக் கூடாது. அவற்றில் பல நான்கில் ஒரு பங்கைத் தாண்டாது. லென்ஸின் குழாயில் 1:2, 1:1 என்று விகிதம் எண்ணாகப் பொறித்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கே தேடுவது, எப்படிப் பார்ப்பது

பழைய கேமராப் பொருளுக்கு உலகின் பெரிய கிடங்கு ஜப்பான். தோக்கியோவின் ஷின்ஜூக்குவிலும் நக்கானோவிலும் உள்ள கடைகளில், பழுதானவை என்று ஒதுக்கிய பெட்டிகளில்கூட டியூப்களும் ரிங்குகளும் கிடைக்கும். கண்ணாடி இல்லாத பொருளுக்கு அந்தப் பெட்டியைவிட நல்ல இடம் இல்லை. பிரான்சில் பாரிஸுக்கு அருகிலுள்ள பியேவ்ர் ஊரில் 1964 முதல் ஒரு புகைப்படச் சந்தை நடந்துவருகிறது. அமெரிக்காவின் கே.இ.எச். 1979-இல் தொடங்கிய நிறுவனம். தரத்தைக் கூட்டிச் சொல்லாமல் குறைத்தே சொல்வார்கள் என்ற பெயர் அதற்கு உண்டு. அங்கே ‘பார்கன்’ தரத்தில் வரும் லென்ஸ் வெளியே தேய்ந்திருந்தாலும் உள்ளே நன்றாகவே இருக்கும். இந்தியாவில் தில்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி, மும்பை கோட்டைப் பகுதியின் போரா பஜார், கொல்கத்தாவின் மெட்ரோ கலி ஆகியவை கேமராக்காரர்களுக்குப் பழகிய தெருக்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர் தபால் செலவோடு சுங்க வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டே விலை மலிவா என்று முடிவு செய்ய வேண்டும். பத்து டாலர் டியூபுக்கு அதைவிட அதிகச் செலவு பிடிப்பது சாதாரணம்.

சில பொருள்களின் விலை அண்மைக்காலத்தில் ஏறியதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. எடுத்த ஃபிலிமை ஸ்கேனருக்குப் பதில் டிஜிட்டல் கேமராவால் படமெடுத்து மாற்றும் வழக்கம் பரவியதால், பெல்லோஸோடு சேரும் ஸ்லைடு காப்பியர்களுக்கும் மைக்ரோ-நிக்கோருக்கும் புது வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். என்லார்ஜர் லென்ஸையும் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். டியூப்பும் ரிவர்ஸிங் ரிங்கும் இன்னும் அந்தப் போட்டியில் சிக்கவில்லை.

லென்ஸ் கைக்கு வந்ததும் முதலில் அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போலக் கிளைத்துப் படர்ந்திருந்தால் பூஞ்சை. சீரான பால்நிற மூட்டம் என்றால் எண்ணெய் ஆவி படிந்தது; துடைத்தால் போகக்கூடும். வானவில் நிறத்தில் ஓரத்திலிருந்து திட்டுத் திட்டாகத் தெரிந்தால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்யும் கூலி லென்ஸின் விலையைத் தாண்டும். நாலைந்து தூசிப் புள்ளிகள் எதையும் கெடுக்காது. அடுத்து அபர்ச்சர் வளையத்தை f/16-இல் வைத்து நெம்பைத் தட்டினால் இதழ்கள் சட்டென்று சுருங்கி விரிய வேண்டும். சோம்பலாக நகர்ந்தாலோ இதழில் ஈரப் பளபளப்பு தெரிந்தாலோ எண்ணெய். கடைசியாக ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சுற்ற வேண்டும். மேக்ரோ லென்ஸில் இந்தப் பயணம் நீளம் என்பதால் கிரீஸ் காய்ந்திருந்தால் நடுவழியில் இறுகுவது கையில் தெரியும். தபாலில் வாங்குபவர் இதே மூன்றையும் விற்பவரிடம் படமாகக் கேட்கலாம். ‘சோதிக்கப்படவில்லை’ என்று எழுதி விற்கப்படும் லென்ஸைப் பெரும்பாலும் யாரோ சோதித்திருப்பார்கள். டியூபுக்கு அந்த வரி பொருட்டே இல்லை.

வாங்கிய பிறகு

லென்ஸ் தள்ளிப் போகப் போக ஃபிலிமுக்கு வந்து சேரும் ஒளி குறையும். 1:2-இல் இரண்டேகால் மடங்கும், 1:1-இல் நான்கு மடங்கும், அதாவது இரண்டு ஸ்டாப்பும் கூடுதல் எக்ஸ்போஷர் வேண்டும். லென்ஸ் வழியே அளக்கும் மீட்டர் கேமராவில் இருந்தால் அது தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். கையடக்க மீட்டர் வைத்திருப்பவர்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒலிம்பஸ் ஓ.எம்.-1 போன்ற கேமராக்களின் மீட்டர், இன்று விற்பனையில் இல்லாத 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கு அமைக்கப்பட்டது, அதில் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் கணக்குத் தவறும். 1:1-இல் f/8 வைத்தாலும் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மி.மீ. அளவுதான். அதனால் ஃபோகஸ் வளையத்தைத் திருகுவதைவிடக் கேமராவையே முன்பின் நகர்த்துவது சுலபம். வியூஃபைண்டர் நடுவில் உள்ள பிளவு வட்டம் நீண்ட டியூப்களில் பாதி கறுத்துவிடும். சுற்றியுள்ள மங்கல் கண்ணாடியில் பார்த்தே ஃபோகஸ் செய்ய வேண்டும். ஓ.எம்.-1-இல் கேமராவுக்குள் உள்ள பிரதிபலிப்புக் கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்திப் பூட்டும் வசதியும் உண்டு, அதிர்வு குறையும்.

கடலோர ஊர்களில், துடைத்தெடுத்த பூஞ்சை மறுபடியும் வரும். 40-லிருந்து 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் லென்ஸ் பிழைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, அதை அவ்வப்போது மாற்றினால் போதும். லென்ஸோடு வந்த தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

புதிதாகத் தொடங்குபவர் கேமராவின் மவுண்ட் பெயரையும் லென்ஸின் ஃபில்டர் மரை அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் 50 மி.மீ. லென்ஸுக்கு ஒரு தானியங்கி டியூப் தொகுப்பை முதலில் வாங்கட்டும். இரண்டு மூன்று ஃபிலிம் சுருள் எடுத்த பிறகும் ஆர்வம் தணியாவிட்டால் 55 மி.மீ. மைக்ரோ-நிக்கோர் போன்ற ஒரு மேக்ரோ லென்ஸைத் தேடலாம். பெல்லோஸ் கடைசியில்; அதுவும் வீட்டில் அதற்கென்று ஒரு மேசை ஒதுக்க முடிந்தால் மட்டும்.